தோட்டத்து ஊட்டுக்கு வைஃபை போட்டு மூணு வருசம் ஆச்சுங்க

வெள்ளகோயிலுக்கு அக்கட்டால நம்ம சாளை. அப்பாரு காலத்துல கருங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டுனது, செவுரே ஒன்றரை அடி இருக்குமுங்க, சித்திரை வெயிலுக்கு உள்ள வந்தா சில்லுனு இருக்கும், ஆனா வைஃபைக்கு அந்தச் செவுருதான் எமன்.

ஃபைபர் போட வந்த பையன் ஆசாரத்துல டிவிக்கு பக்கத்துல மோடத்தை மாட்டிட்டு, அங்கயே நின்னு "ஸ்பீடு 100 எம்பிபிஎஸ் வருது பாருங்ணா"ன்னு போனைக் காட்டிட்டுப் போயிட்டான். ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளிப் பக்கத்து ரூம்லதான் ஊட்டுக்கார அம்மணி கம்பெனி வேலை பாக்குறது, அங்க மீட்டிங் ஓடுனா ஆளுக வாயத் தொறந்தபடியே நின்னுருவாங்க.

பிளானை 200க்கு ஏத்துனேன், தண்டம். அப்பறம் வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பற ரிப்பீட்டர் ஒண்ணு, அதுவும் சல்லிசா ஒத்த பேண்டுல ஓடுறது, வாங்குற ரேடியோவுலயே திருப்பி அனுப்பறதால ஸ்பீடு பாதியாயிரும்னு வாங்குன பொறகுதான் தெரிஞ்சுது, அதைப் போயி சிக்னலே இல்லாத ரூம்ல சொருகி வெச்சது என்ற புத்திசாலித்தனம்.

கடைசில ஒயரு இழுத்ததுதான் சரியா வந்துச்சு. கேட்6ங்கற செம்பு லேன் ஒயரை பிவிசி பைப்புல உட்டு பின்னாடி ரூமு வரைக்கும் கொண்டு போனேன், அட்டாரில கெடந்த பழைய ரவுட்டரை எடுத்து டிஹெச்சிபியை (போனு, லேப்டாப்புக்கெல்லாம் ஐபி நம்பர் பிரிச்சுக் குடுக்கற வேலை) ஆஃப் பண்ணி, ஐபியை 192.168.1.2ன்னு மாத்தி, வெளி நெட்டு வர்ற வேன் போர்ட்டைத் தொடாம லேன் போர்ட்டுல சொருகுனேன். பேரு பாஸ்வேர்டு ரெண்டுலயும் ஒண்ணுதான், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு சேனல் மட்டும் முன்னாடி 1, பின்னாடி 11. இன்னைக்கு வரைக்கும் அந்த ரூம்ல மீட்டிங் நிக்கலைங்க.

அதோட சும்மா இருந்திருக்கலாம். தறி குடோனுக்கும் இழுப்போம்னு அதே ஒயரை வேப்பமரத்து மேல கட்டி ஓட்டுனேன், கோடை மழைல ஒரு இடி, ரெண்டு பக்கமும் போர்ட்டு போச்சு, மூடியைக் கழட்டுனா கருகுன வாசம். செம்பு ஒயரை வெட்டவெளில ஓட்டவே கூடாதுங்க. இப்ப லேன் ஒயரு சிக்னலை ஒளியா மாத்தற பொட்டி, மீடியா கன்வெர்ட்டரும்பாங்க, அதுல ரெண்டு வெச்சு நடுவுல ஃபைபர், கண்ணாடி இழைல கரண்ட் பாயாது, ரெண்டு மழைக்காலம் தாண்டிருச்சு.

கரண்ட் போறதுக்கு மினி யுபிஎஸ். வாங்குறக்கு முன்னாடி அடாப்டர்ல என்ன வோல்ட்டுன்னு பாத்துக்கோங்க, எங்குளுக்கு மோடம் 12, பின்னாடி இருக்கறது 9. மொதல்ல மூணு மணி நேரம் தாங்குச்சு, இப்ப ஒரு மணி நேரத்துக்கே மூச்சு வாங்குது.

நடுவுல ஒரு மாசம் நெட்டு உட்டு உட்டு வந்துச்சு, என்னடான்னு பாத்தா அம்மா மோடத்து மேல துண்டைப் போத்தி வெச்சிருக்காங்க. "ஏஞ்சாமி, அதுக்குந் தூசி அண்டுமல்ல"ங்கறாங்க. தொட்டா தோசைக்கல்லாட்டச் சுடுது.

மோடத்துல சிவப்பு லைட்டு மினுக்குனா மட்டும் செட்டிங்கை நோண்டாதீங்க, வெளிய போயி ஒயரைப் பாருங்க. எங்க ஊட்டுல ரெண்டு தடவை அணில் கடிச்சுது, ஒருக்கா தென்னமட்டை உழுந்துச்சு. ஒட்டிக் குடுக்க ஆளு வர்றக்கு நாலு நாளு ஆச்சு, அந்தக் கதையை விடுங்க.

கெணத்து மேட்டு மோட்டார் ரூமுக்கு இன்னும் எட்டலை. லேன் ஒயரு 100 மீட்டருக்கு மேல ஆகாது, அது 180 இருக்கு, தேங்கா வெட்டு முடியட்டும், வாய்க்கா ஓரமா பள்ளம் பறிச்சு அங்கயும் ஃபைபரையே பொதைச்சுறலாம்னு இருக்கறேன்.