இனிப்பு சேர்க்காத பிளாக் கேவண்டிஷ்: பர்லிக்கு ஏற்ற துணை

பைப்பில் பர்லி வகைப் புகையிலையை மட்டுமே விரும்பிப் புகைப்பவன் நான். வறுத்த பருப்பும் கோகோவும் கலந்த அந்த வறண்ட மணத்துக்கு ஈடாக வேறு எந்த இலையையும் சொல்ல மாட்டேன். ஆனால் தனி பர்லியில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. கொஞ்சம் வேகமாக இழுத்தாலே தொண்டை கமறும். பைப்பில் புகையிலை நிரப்பும் கிண்ணம் பாதிக்குக் கீழே போனதும் புகை மெலிந்து, ஒரு காறல் சுவை தட்டும். இந்த இரண்டையும் சரிசெய்ய இப்போது நான் கைவசம் வைத்திருப்பது இனிப்பு சேர்க்காத பிளாக் கேவண்டிஷ். இதைத் தனியாகப் புகைக்க யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பர்லியோடு கலக்க என்றால், தயங்காமல் வாங்கலாம்.

கேவண்டிஷ் என்று தனியாக ஒரு செடி கிடையாது. அது பதப்படுத்தும் முறை. வர்ஜீனியா என்ற இன்னொரு வகைப் புகையிலையையோ பர்லியையோ எடுத்து, ஈரமேற்றி, அழுத்தி, நீராவியில் நெடுநேரம் வேகவைத்தால் இலை முழுக்கக் கறுத்துவிடும். பச்சை நெடி போய்விடும். காட்டமும் நன்றாகவே தணியும். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதற்குமேல் சர்க்கரைப் பாகு, வெனிலா, ஈரம் காய்ந்துபோகாமல் இருக்க புரொப்பிலீன் கிளைக்கால் என்று ஏற்றிய சரக்கு. அது வேறு வகை ஆட்களுக்கு. பர்லி பஞ்சுபோல எதையும் உறிஞ்சும் இலை. பாகு ஏற்றிய கேவண்டிஷை அதோடு ஒரே ஜாடியில் போட்டுவைத்தால், சில நாட்களில் பர்லியும் வெனிலா வாசம்தான் அடிக்கும். அப்புறம் பர்லி வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.

ஆகவே வாங்கும்போது லேபிளைக் கவனமாகப் படியுங்கள். 'மணம் சேர்க்காதது' என்று போட்டிருந்தால், கடைசியில் தெளிக்கும் மணம் இல்லை என்று மட்டும்தான் பொருள். அடியில் இனிப்பு ஏற்றியிருக்கலாம். 'இனிப்பு சேர்க்காதது' என்றும் தனியாகப் போட்டிருக்க வேண்டும். ஒரு விற்பனையாளரிடம் அப்படி எழுதிய பாக்கெட்டை வாங்கி, கையில் எடுத்தால் விரல் பிசுபிசுத்தது. கேட்டதற்குச் சரியான பதிலும் வரவில்லை. நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்றால்: நிறம் மினுமினுப்பில்லாத கறுப்பு, அங்கங்கே கரும்பழுப்பு. ஒரு கிள்ளு எடுத்து அழுத்தி விட்டால் இழைகள் மெதுவாகப் பிரியும். விரலில் எதுவும் ஒட்டாது. மூக்கருகே கொண்டுபோனால் வெந்த இலையின் மண் வாசமும், வர்ஜீனியாவில் செய்ததாக இருந்தால் உலர்ந்த பழத்தின் சாயலும் வரும். அவ்வளவுதான். வாசம் தூக்கலாக இருந்தால் அது நமக்கு வேண்டிய பொருள் அல்ல.

பர்லி ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கலவையின் அருமை புரியும். இன்று உலகமெங்கும் பயிராகும் வெள்ளை பர்லி, 1864இல் ஒஹாயோ மாநிலத்தின் பிரவுன் கவுண்டியில், கென்டக்கியிலிருந்து வந்த விதையில் தற்செயலாக முளைத்த வெளிறிய செடிகளின் வழி வந்தது. அறுத்த செடியைக் காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அந்த மெதுவான உலர்த்தலில் இலையில் இருக்கும் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் கரைந்துபோகும். சூட்டில் சட்டென்று உலர்த்தும் வர்ஜீனியாவில் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். சர்க்கரை இல்லாததால் பர்லியின் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டது. வாயிலேயே நிகோடின் ஏறும். அந்தக் காட்டமும் கமறலும் அதன் பிறவிக்குணம். பாகு ஊற்றினால் குணம் மறையுமே தவிர, மாறாது. கேவண்டிஷ் செய்வது வேறு. அது கலவையில் காட்டமான இலையின் பங்கைக் குறைத்து, மென்மையான அடர்ந்த புகையை இடையில் நிரப்புகிறது. பர்லியின் பருப்பு மணம் அப்படியே மேலே நிற்கும். கூர் மட்டும் மழுங்கும்.

அளவுதான் முக்கியம். நான் எடையில் நாலு பங்கு பர்லிக்கு ஒரு பங்கு கேவண்டிஷ் போடுகிறேன். 40 கிராமுக்கு 10 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், ஏனென்றால் ஈரமான கேவண்டிஷ் கனக்கும், காய்ந்த பர்லி உப்பிக்கொண்டு நிற்கும், கண் ஏமாற்றிவிடும். பத்தில் ஒரு பங்கு போட்டால் தொண்டைக்கு இதம் கிடைக்கிறது, ஆனால் கிண்ணத்தின் அடிப்பாதியில் புகை மெலிவது நிற்கவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சுவை தட்டையாகிறது. அடிக்கடி அணைந்து மறுபடி தீக்குச்சி தேட வைக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் அதில் பர்லியே இல்லை என்றுதான் சொல்வேன்.

கலப்பதற்கு முன் இரண்டையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டில் பரப்பி ஆறவிட்டு, தொட்டால் நெகிழ்வாகவும் ஈரம் தெரியாமலும் இருக்கும்போது கலக்க வேண்டும். வெட்டும் ஒத்துப்போக வேண்டும். சின்னக் கட்டிகளாக வெட்டிய பர்லியோடு நீள இழைக் கேவண்டிஷைக் கலந்தால், கட்டிகள் எல்லாம் ஜாடியின் அடிக்குப் போய்விடும். மேல் கிண்ணம் ஒரு சுவை, கடைசிக் கிண்ணம் வேறு சுவை. இழையோடு இழை என்றால் இந்தத் தொல்லை இல்லை. மூடிய ஜாடியில் இரண்டு வாரமாவது விட்டுவையுங்கள். கலந்த அன்றே புகைத்தால் இரண்டு இலைகளும் தனித்தனியாகத்தான் பேசும்.

இனி கிண்ணத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல் தீயில் கேவண்டிஷ் சட்டெனப் பிடிக்காது. மேற்பரப்பைக் கருக்கி, புகையிலையை அழுத்தும் டாம்பர் கருவியால் மெல்ல அமர்த்தி, இரண்டாவது தீ வைக்க வேண்டும். பிடித்தபின் தனி பர்லியைவிட நிதானமாக எரிகிறது. புகை கண்ணுக்கே தெரியும்படி திரண்டு வருகிறது. வாய் நிறைய வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் கிண்ணத்தின் நடுப்பகுதி. கோகோ முன்னுக்கு வந்து, அதன் பின்னால் கேவண்டிஷின் லேசான மண்சுவை தெரியும். தனி பர்லி காறத் தொடங்கும் அடிப்பாதியில் இந்தக் கலவை அதே சுவையோடு இறங்கி முடிகிறது. சாம்பல் வெளிர் சாம்பல் நிறம், இடையிடையே கரும்புள்ளிகள். அடியில் தங்கும் ஈரக் கசடும் மிகக் குறைவு.

சோதித்துப் பார்க்க, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் தக்கையில் செய்த பைப்பே போதும். 1869 முதல் மிசூரி மீர்ஷாம் நிறுவனம் செய்துவரும் அந்த எளிய பைப்புகளுக்கும் பர்லிக்கும் நல்ல பொருத்தம். பழைய வெனிலாக் கலவைகள் புகைத்த பிரையர் மரப் பைப்பை எடுக்காதீர்கள். மரத்தில் ஊறிய வாசம் இந்த மென்மையான கலவையை முழுக்க மூடிவிடும்.

பெரிக், லட்டாக்கியா சேர்த்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் அழுத்தி நொதிக்கவைத்த பெரிக் மிளகின் உறைப்பைத் தரும். லட்டாக்கியா விறகுப்புகை மணம் தரும். இரண்டும் நல்ல இலைகள்தான், ஆனால் பர்லியின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 1907 முதல் விற்பனையில் இருக்கும் பிரின்ஸ் ஆல்பர்ட் போன்ற பர்லிக் கலவைகளிலும் கேவண்டிஷைச் சேர்க்கலாம். அதில் ஏற்கெனவே லேசான மணம் ஏற்றியிருப்பதால், ஆறில் ஒரு பங்குக்குமேல் போக வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தொண்டைக்கு இதமாக இருப்பதால் தீங்கு குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நிகோடினும் புகையின் கேடும் இருக்கவே செய்கின்றன. இதமாக இருப்பதாலேயே இன்னொரு கிண்ணம் நிரப்பத் தோன்றும். ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கொஞ்சமாக வாங்கினால் போதும். வர்ஜீனியாவைப்போல ஆண்டுக்கணக்கில் மூடிவைத்தால் மெருகேறும் சரக்கல்ல இது. பர்லியும் அப்படித்தான். 50 கிராம் கேவண்டிஷ் 200 கிராம் பர்லிக்கு வரும். அது தீரும்போது அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம்.