பெயர் மனதில் நிற்க: நாக்கா, படமா, நோட்டா?

என் தையல் கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் அளவோடு பெயரையும் நோட்டில் எழுதிவிடுவேன். ஆனாலும் போன முகூர்த்த சீசனில், மகள் கல்யாணத்துக்குப் பதினொரு ரவிக்கை கொடுத்திருந்த ஒரு அக்காவை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அவர் திருத்தவில்லை. "பரவாயில்லம்மா" என்று பையை வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சொல் இரண்டு நாள் என் காதை விட்டுப் போகவில்லை. நோட்டில் இருந்த பெயர் என் மனதில் இல்லை. அப்புறம்தான் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தேன்.

பெயரே வேண்டாம், "அக்கா", "அண்ணே" போதும் என்பது நம் ஊரில் எல்லோரும் ஒதுங்கும் நிழல். மரியாதையும் உண்டு, பாசமும் உண்டு. ஆனால் கடையில் மூன்று பேர் நிற்கும்போது "அக்கா" என்றால் மூன்று பேரும் திரும்புகிறார்கள். வயதில் பெரியவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. "செல்வியக்கா" என்று பெயரையும் முறையையும் சேர்த்துச் சொல்வதில்தான் இரண்டும் கிடைக்கின்றன. ஆகவே இந்த வழிக்கும் பெயர் தெரிந்தாக வேண்டும்.

அடுத்து, பெயரைப் படமாக மாற்றி முகத்தோடு ஒட்டும் உத்தி. பழனி என்றால் மலை, தாமரை என்றால் பூ. சரி, தன்விகாவுக்கு என்ன படம்? மலையும் பூவும்கூட எதிரில் நிற்பவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 1987இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. ஒரே சொல்லைத் தொழிலாகச் சொன்னால் நினைவில் நிற்கிறது. அதையே பெயராகச் சொன்னால் நழுவுகிறது. 'பேக்கர்' ரொட்டி சுடுபவர் என்றால் அடுப்பும் மாவும் மனதில் வந்துவிடும், பேக்கர் என்ற பெயருக்கு அப்படி எதுவும் வராது. இன்னொன்று, படம் தேடும் கண் மச்சத்திலும் தெற்றுப் பல்லிலும் போய் நிற்கிறது. ஒருவரை அவர் மறைக்க நினைக்கும் ஒன்றால் நினைவில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதை நான் விட்டுவிட்டேன்.

போனில் பதிந்துவைப்பது அழைப்பு வரும்போது உதவும். ஆள் நேரில் வந்து நின்றால் போன் வாய் திறக்காது.

சொல்லிப் பழகுவதில்தான் எனக்குப் பெரிய பலன். கேட்ட உடனே நாலைந்து முறை முணுமுணுப்பது வீண். கொஞ்ச நேரம் விட்டு, நாமே முயன்று எடுக்க வேண்டும், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லாண்டவர், பியோர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் பெயர்களை வைத்தே இதைச் சோதித்துக் காட்டினார்கள். அளவு எடுப்பது இதற்கென்றே அமைந்த வேலை. தோளில் டேப்பை வைக்கும்போது ஒருமுறை, "கை நீளம் இவ்வளவு போதுமா செல்வியக்கா?" என்று ஒருமுறை, பில் கிழித்துக் கொடுக்கும்போது ஒருமுறை.

கல்யாண மண்டபத்தில் இது நடக்காது. வரிசையாக ஐந்து பேரை அறிமுகப்படுத்தும்போது, நம் முறை வந்தால் என்ன சொல்வது என்ற நினைப்பிலேயே பக்கத்தில் நிற்பவர் பெயர் போய்விடும். அங்கே கைகொடுப்பது எழுத்துதான். நம் மொய் நோட்டைப் பாருங்கள்: ஊர், தகப்பனார் பெயர், ஆள் பெயர், தொகை. குடும்பப் பெயர் இல்லாத நம்மிடையே ஒரே பெயருள்ள நாலு பேரைப் பிரித்துக் காட்டுவது அந்த ஊரும் தகப்பனார் பெயரும்தான். 1932இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டின் பிரசாரத்தை நடத்திய ஜேம்ஸ் ஃபார்லியும் சந்தித்தவர்களின் குடும்ப விவரங்களைக் கோப்பாக வைத்திருந்தார், அடுத்த சந்திப்புக்கு முன் எடுத்துப் பார்க்க. நம் வீடுகளிலும் ஒரு விசேஷத்துக்குக் கிளம்புமுன் மொய் நோட்டைப் புரட்டுகிறோம். தொகையைப் பார்க்கிற கண் பெயரையும் கொஞ்சம் பார்த்தால் போதும்.

என் தவறு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. எழுதினேன், திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊரையும் ஒரு சேதியையும் எழுதுகிறேன்: "மகள் நர்ஸ்", "தறி வைத்திருக்கிறார்". துணி வாங்க வருவதற்கு முந்தின ராத்திரி, பெயர் இருக்கும் வரியை ஸ்கேலால் மூடிக்கொண்டு, நோட்டில் பின் குத்திய துண்டுத் துணியை மட்டும் பார்த்துப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். வராவிட்டால்தான் ஸ்கேலை நகர்த்துவேன். நாக்கும் நோட்டும் சேர்ந்த இந்த வழிக்கே என் ஓட்டு.

போன வாரம் அந்த அக்கா ஃபால்ஸ் அடிக்க இரண்டு சேலையோடு வந்தார். படியேறும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கல்யாண போட்டோவை எடுத்து, மகள் போட்டிருந்த ரவிக்கையைப் பெரிதாக்கிக் காட்டினார்.