களியக்காவிளை பக்கம் ஒரு அச்சகம்: காகிதம் அருமை, சொல்லில்தான் கவனம் வேண்டும்

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் அறுப்பின் பண்டிகைக்கு, அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பண்டிகைக்கு, 500 நோட்டீஸும் ஒரு பிளக்ஸும் களியக்காவிளை பக்கம் ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்கள். தமிழ்நாடு-கேரள எல்லை ஊர் என்பதால் தமிழ், மலையாளம் இரண்டும் அடிக்கிறார்கள். காகிதம் கனம், மை விரலில் ஒட்டவில்லை, சொன்ன நாளில் கைக்கு வந்துவிட்டது.

ப்ரூப்தான் படுத்திவிட்டது. கத்தோலிக்கக் கோவில் திருவிழாவுக்கு அடித்த பழைய ஃபைலில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருப்பார்கள் போல, 'பங்கு மக்கள் அனைவரும் வருக' என்று இருந்தது. அவர்களுக்கு அது சரி, கோவிலைச் சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது பங்கு, சாமியார் பங்குத்தந்தை. எங்களுக்குப் பங்கு என்றால் பாகம். வீட்டில் வாசித்துக் காட்டினேன், அம்மாச்சி "அறுப்புல நமக்கு எத்தன பங்கு மக்கா?" என்று கேட்டார்.

திருத்தச் சொன்னால் அடுத்து 'இடவக மக்கள்'. கம்ப்யூட்டரில் இருந்தவர் கேரளத்துப் பாறசாலைக்காரர், அவர் பழக்கம் அது. "சேட்டா, அது மலையாளம்" என்றேன். மலையாளத்தில் இடவக என்பது பங்கு, சி.எஸ்.ஐ.க்காரர்கள் அங்கே மகாஇடவக என்பதைத்தான் நாங்கள் இங்கே பேராயம் என்கிறோம், ஒரு பிஷப்பின் கீழ் வரும் சபைகள் எல்லாம் சேர்ந்தது அது. மூன்றாவது ப்ரூப்பில் 'விசுவாசிகள்'. தப்பில்லை, ஆனால் "அவர் நம்ம விசுவாசி" என்று ஆளையே அப்படிச் சொல்வது பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைகளில். மலையாளத்திலோ அம்பலத்துக்கு, அதாவது இந்துக் கோவிலுக்கு, போகிறவரும் விசுவாசிதான். தமிழில் நாய்க்கும் விசுவாசம் உண்டு, அது வேறு கதை.

எங்கள் சொல் சபையார். மரியாதைக்கு 'ஆர்' சேர்த்து மொத்தப் பேரையும் ஒன்றாகக் கூப்பிடுவது. ஒரே ஆளைச் சொல்ல அது சரிவராது, பதிவேட்டிலும் ஓட்டுரிமைப் பேச்சிலும் அவர் 'சபை அங்கத்தினர்' ஆகிவிடுவார். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், நோட்டீஸ் சுத்தமாக வந்தது.

பிளக்ஸில் மட்டும் 'சபையோர்' என்று போட்டுவிட்டார்கள். அது மேடையில் பேசுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லும் சொல், கல்யாண வீட்டுக்கும் பொருந்தும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி, மாற்ற நேரமில்லை, அப்படியே கட்டினோம். அடுத்த வருஷமும் இங்கேதான் கொடுப்பேன், பிளக்ஸுக்கும் தனியாக ஒரு ப்ரூப் கேட்டு வாங்கிக்கொண்டு. ஐந்துக்கு மூன்றரை.