காலனிய அமெரிக்க உடையில் சில கோடைகள்: என் சண்டை குண்டூசியோடுதான்

வர்ஜீனியாவில் 18-ஆம் நூற்றாண்டுப் பண்ணை வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றில் தன்னார்வலராகச் சேரப்போகிறாள் ஒரு தோழி. "ஜூலை வெயில்ல இத்தனை அடுக்கை எப்படி அக்கா தாங்குறீங்க?" என்று கேட்டாள். சில வருடங்களாக அதே உடையில் அடுப்பு முன்னால் நிற்பவள் என்பதால் எழுதுகிறேன்.

அடுக்குகளால் தொல்லையே இல்லை. உடம்பை ஒட்டியிருப்பது முழங்காலுக்குக் கீழே தொங்கும் லினன் ஷிஃப்ட், அதாவது உள்ளங்கி. வியர்வையை உறிஞ்சிவிட்டுச் சீக்கிரமே காய்ந்துவிடும். துணியைப் பெரும்பாலும் நேர்கோட்டில் வெட்டி, அக்குளில் சின்னச் சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள். துணியும் வீணாகாது, கையைத் தூக்கினாலும் இழுக்காது. ஆண்களுக்கும் இதே ஏற்பாடுதான். நீளச் சட்டையே உள்ளாடை, அதுவே இரவு உடை.

அதற்கு மேலே ஸ்டேஸ், அதாவது உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் விறைப்பான கச்சை. அது மூச்சை நிறுத்திவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். அன்று திமிங்கல வாய்ப்பட்டை வைத்துத் தைத்தார்கள், என்னுடையதில் பிளாஸ்டிக். அளவாகக் கட்டினால் முதுகுக்கு நல்ல பிடிமானம். தண்ணீர் வாளி தூக்கும்போது அருமை தெரியும். மேலே இரண்டு பாவாடை. அடுப்பு வேலைக்குக் கம்பளிதான் நல்லது, பொறி பட்டால் பருத்தி போலச் சட்டென்று பற்றாது. இடுப்பில் நாடாவில் கட்டிய தனிப் பைக்குள் பாவாடையின் பக்கத் திறப்பு வழியாகக் கை போகும். என் போன், சாவி, ஒரு ஆப்பிள் எல்லாம் அதற்குள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவற்றுக்கெல்லாம் மேலே போடும் என் கவுனின் முன்பக்கம் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை. குண்டூசி! நெஞ்சுக்கு நடுவே வரிசையாகக் குத்தி ஸ்டேஸோடு சேர்க்க வேண்டும். கழுத்துத் துண்டுக்கும் அதேதான். புடவை கட்டிப் பழகிய கை தானாக ஊக்கைத் தேடும். அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1849-ல்தான். குனிந்து விறகைத் தள்ளினால் ஒரு குண்டூசி வளையும், நிமிர்ந்தால் இன்னொன்று விழும். வீடு திரும்பும்போது சீட்பெல்ட் போடும் கொடுமையைக் கேட்கவே வேண்டாம்.

காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அன்று துணிதான் விலை, அதோடு பார்த்தால் தையல்கூலி சொற்பம். குண்டூசி என்றால் இளைத்தாலும் பெருத்தாலும், பிள்ளை உண்டானாலும் அதே கவுனைத் தளர்த்தியோ இறுக்கியோ போடலாம். காஜாவுக்காகத் துணியை வெட்டாததால் பிரித்து வேறொன்றாகத் தைப்பதும் சுலபம். பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் 48,000 குண்டூசிக்கு மேல் செய்துவிடுகிறார்கள் என்று 1776-ல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் வியந்தார். வியக்கலாம், அவர் கவுன் போட்டதில்லையே.

வாங்கலாமா? இன்று காலை கட்டைவிரலில் குத்திய கடுப்போடு சொல்கிறேன்: கவுன் வேண்டவே வேண்டாம். பெட்கவுன் என்ற தொளதொள மேல்சட்டை போதும், பெயர்தான் இரவு உடை மாதிரி. உழைக்கும் பெண்கள் பலர் அதைத்தான் போட்டார்கள். முன்னால் கட்டும் ஏப்ரன் நாடாவே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழுத்துத் துண்டின் நுனியை ஸ்டேஸுக்குள் செருகிவிடுங்கள்.

அப்புறம், சீட்டித் துணி. 1721-ல் பிரிட்டன் அச்சிட்ட பருத்தியைத் தன் மக்கள் உடுத்தத் தடை போட்டபோதும், நம் சோழமண்டலக் கரைச் சீட்டி லண்டன் வழியாக இந்தக் காலனிகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அந்த மாதிரிப் பூப்போட்ட துணியில் எனக்கு ஒரு கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் முன்பக்கம் குண்டூசிதான்.