கர்ப்பகால கிளினிக்கா, வார்டா, வீடு வீடாகவா? மகப்பேறு உதவிப் பணியில் நான்கு இடங்கள்

பிரித்தானிய அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வேலை விளம்பரங்களில் ‘மெட்டர்னிட்டி சப்போர்ட் வொர்க்கர்’ என்று வரும் மகப்பேறு உதவிப் பணி பெயரளவில் ஒன்றுதான். உள்ளே போனால் கர்ப்பகால கிளினிக், பிரசவ வார்டு, பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு, வீடுகளுக்குச் செல்லும் கம்யூனிட்டி குழு என்று அது நான்கு வேலைகளாகப் பிரிகிறது. நம் பெண்களிடையே கிளினிக் என்றாலே ‘சுகமான வேலை’ என்றொரு பேச்சு உண்டு. இரவு இல்லை, ஞாயிறு இல்லை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகலாம் என்பார்கள். இரவும் ஞாயிறும் பெரும்பாலும் சரி. காலை எட்டரைக்கே இரத்தம் எடுக்கத் தொடங்கும் கிளினிக்கில் பள்ளி வாசலுக்குப் போய்விட்டு வருவது அவ்வளவு எளிதாக வாய்க்காது. சுகம் என்ற பகுதியைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான்கு இடங்களுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டின் செவிலியர், மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் படித்துப் பதிவுபெற்ற மகப்பேற்று வல்லுநர்) ஆணையின் 45ஆவது பிரிவு, அவசர நிலையையும் பயிற்சியில் இருப்பவர்களையும் தவிர, பதிவுபெற்ற மிட்வைஃபோ மருத்துவரோ மட்டுமே பிரசவம் பார்க்கலாம் என்கிறது. உதவிப் பணியாளர் எங்கே நின்றாலும் மிட்வைஃப் ஒப்படைத்த வேலையையே செய்கிறார். அளந்து சொல்வது அவருடையது, அதற்குப் பொருள் சொல்வது மிட்வைஃபுடையது. இங்கிலாந்தில் இந்தப் பணிக்கான திறன் வரையறை 2019இல் வெளியானது. அதன்படி வேலை இரண்டாம், மூன்றாம், நான்காம் மட்டங்களில் அமைகிறது. பெரும்பாலான விளம்பரங்கள், பேண்ட் எனப்படும் என்எச்எஸ் சம்பளத் தரங்களில், பேண்ட் 2 அல்லது பேண்ட் 3இல் வருகின்றன. திறன்சார் வேலை விசாவுக்கான தகுதி மட்டம் 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டுவிட்டதால், ஊரிலிருந்து இந்த வேலைக்காக ஸ்பான்சர்ஷிப் பெற்று வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். இங்கே வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே உள்ளவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு.

கிளினிக்கில் உங்கள் கையில் இருப்பவை எடை, உயரம், இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளவு, இரத்தம் எடுத்தல் ஆகியவை. பட்டியலாகப் படித்தால் எளிதாகத் தெரியும். ஆனால் இரத்த அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவரை உடனே அளந்தால் எண் கூடும்; கைக்குப் பொருந்தாத சிறிய பட்டையைக் கட்டினாலும் கூடும்; கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாலும் கூடும். 140க்கு 90 என்ற வரம்பைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்தப் பெண்ணின் அன்றைய நாளே வேறு திசையில் போகும் என்பதால், நீங்கள் எழுதும் எண்ணை நம்பித்தான் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் நிற்கின்றன. சிறுநீர்ப் பட்டையிலும் ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் அதற்குரிய நொடியில் படிக்க வேண்டும். பட்டையைத் தோய்த்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனால் புரதக் கட்டம் உண்மைக்கு மேல் கறுத்திருக்கும்.

சர்க்கரைத் தாங்குதிறன் பரிசோதனை நடக்கும் காலைகளே கிளினிக்கின் உண்மையான முகம். கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படும் இந்தப் பரிசோதனை, தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்குப் பொதுவாகவே பரிந்துரைக்கப்படுவதால், நம்மவர்கள் வாழும் பகுதிகளில் வரிசை நீளமாகவே இருக்கும். வெறும் வயிற்றில் வந்தவருக்கு முதலில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, சரியாக இரண்டு மணிநேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்; லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் முதல் அளவு 5.6ஐயோ இரண்டாவது 7.8ஐயோ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள். பத்து நிமிட இடைவெளியில் ஆறு பேரைத் தொடங்கிவைத்தவர், இரண்டு மணிநேரத்துக்குப் பிறகு அதே இடைவெளியில் ஆறு பேரிடமும் ஊசியோடு நிற்க வேண்டும். இடையில் ஒருவர் வாந்தி எடுத்தால் அவருடைய பரிசோதனை அன்றைக்கு முடிந்தது. அவரைத் தேற்றி, வேறு நாள் பதிந்து, அதே மூச்சில் அடுத்தவரின் மணியையும் பார்க்க வேண்டும். இதை ‘சுகம்’ என்பவர்கள் அந்த அறையில் ஒரு காலை நின்று பார்க்கலாம்.

இரத்தக் குழாயில் பெயர் எழுதுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரத்த வகைக்கான இளஞ்சிவப்பு மூடிக் குழாயில் பெரும்பாலான மருத்துவமனைகள் முன்கூட்டி அச்சிட்ட லேபிளை ஏற்பதில்லை. பெண்ணின் அருகிலேயே நின்று, அவர் வாயால் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லச் சொல்லி, ஆவணத்தோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஆய்வகம் அதைத் தூக்கி எறியும். தமிழ்ப் பெயர்களில் இது இரட்டைச் சிக்கல், ஏனென்றால் தந்தையின் பெயர் ஒரு பதிவில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் முதல் பெயராகவும் இருக்கும். கணவரின் பெயர் மூன்றாவதில் புகுந்திருக்கும். அதைக் கண்டதும் பிடிக்கத் தெரிந்த பணியாளர் அந்தக் கிளினிக்குக்குப் பெரிய உதவி.

இவை கையின் வேலைகள். கிளினிக்கில் அதைவிடக் கடினமானது காதின் வேலை. மருத்துவரிடம் எல்லாவற்றுக்கும் ‘பரவாயில்லை’ என்று தலையாட்டும் ஒரு பெண், கையில் பட்டை கட்டும்போது பேச்சுவாக்கில், ‘நேற்று மாலையிலிருந்து பிள்ளையின் அசைவு கொஞ்சம் குறைவுதான்’ என்பார். மாதம் நெருங்க நெருங்க அசைவு குறையும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவறான ஆறுதலை நீங்களும் சொல்லிவிடக் கூடாது. பட்டையைக் கழற்றிய கையோடு மிட்வைஃபிடம் போய்ச் சொல்வதே வேலை. ஊரில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த எல்லை மிகவும் வலிக்கும்: விடை தெரிந்தும் வாய் திறக்கக் கூடாது. கணவரோ மாமியாரோ நிழல்போல் கூடவே வரும் பெண்ணை எடை பார்க்கும் அறைக்குத் தனியே அழைத்துச் செல்லும் இரண்டு நிமிடங்களும் காதின் வேலைதான். வீட்டில் அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்ற கேள்விக்கான வாசல் பல சமயம் அங்கேதான் திறக்கிறது. ஸ்கேன் அறையில் கெட்ட செய்தி கேட்டு வெளியே வருபவரை, நிறைமாத வயிறுகளோடு காத்திருப்பவர்கள் நடுவே மறுபடி உட்காரவைக்காமல் ஓர் அறை தேடிக் கொடுப்பதும் பெரும்பாலும் உதவிப் பணியாளரின் தலையில்தான் விழும்.

தமிழ் பேசத் தெரிந்தது இங்கே வரமாகவும் வம்பாகவும் வரும். கழிப்பறைக்கு வழி காட்டவும் ஊசிக்குப் பயப்படுபவரை அமைதிப்படுத்தவும் தாராளமாகப் பேசலாம். பரிசோதனைக்குச் சம்மதம் பெறுவது, முடிவைச் சொல்வது போன்றவற்றுக்கு மருத்துவமனை ஏற்பாடு செய்யும் மொழிபெயர்ப்பாளரையே அழைக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் உங்களைக் கைகாட்டினாலும் மரியாதையாக மறுக்கப் பழக வேண்டும். லண்டனில் தமிழர் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற இடங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனை என்றால், கோயிலில் பார்த்தவரும் உறவினரின் மருமகளும் வரிசையில் வரத்தான் செய்வார்கள். யார் யாருடைய பதிவைத் திறந்தார்கள் என்பதைக் கணினி குறித்து வைக்கிறது. பராமரிப்புக்குத் தேவையில்லாமல் தெரிந்தவரின் பதிவைப் பார்த்தால் வேலை போகலாம். வார்டிலும் இதே விதிதான், ஆனால் கிளினிக்கில் கடந்துபோகும் முகங்கள் அதிகம் என்பதால் சோதனையும் அதிகம்.

பிரசவ வார்டு இதற்கு நேர் எதிர். ஒரு நாளைக்குக் காணும் குடும்பங்கள் குறைவு, ஒவ்வொன்றோடும் இருக்கும் நேரம் அதிகம், நடக்கும் விஷயங்களின் கனமும் அதிகம். பிரசவக் கருவித் தட்டைத் தயார்செய்தல், குழந்தையின் மூச்சுக்கு உதவும் கருவி மேடையைச் சரிபார்த்தல், அறுவை அரங்குக்கு ஓடி ஓடிப் பொருள் எடுத்துக் கொடுத்தல் என்று போய்க்கொண்டிருக்கும் ஷிஃப்ட்டில் திடீரென்று அவசர மணி அடிக்கும். மருத்துவமனைக்குள் அவசரத்துக்கு அழைக்கும் 2222 என்ற எண்ணுக்கு அழைத்து அணியை வரவழைப்பது உங்கள் பொறுப்பாக இருக்கலாம். இரத்தப்போக்கு மிகும்போது நனைந்த துணிகளை எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டராகக் கணக்கிட்டு உரக்கச் சொல்ல வேண்டும். 500ஐத் தாண்டியதும் அறையின் வேகமே மாறும். அங்கே நடுங்காமல் எண் சொல்பவரை அணி மறக்காது. மிட்வைஃப் ஆக வேண்டும் என்று எண்ணுபவர், உண்மையிலேயே அதற்கு மனம் ஒப்புகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான இடம் இல்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய வார்டைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, ஆனால் திறன்கள் அதிகமாகச் சேர்வது அங்கேதான் என்பது என் கணிப்பு. தாய்ப்பால் கொடுக்க உதவுவது, சிசேரியன் ஆனவரை முதல்முறை எழுப்பி நடத்துவது, சிறுநீர்க் குழாயை அகற்றுவது, தாயின் உடல் அளவுகளைக் குறித்து ஏறுமாறாக இருந்தால் உடனே தெரிவிப்பது என்று எல்லாமே அங்கே உண்டு. இரவு இரண்டு மணிக்கு மூன்று அழைப்பு மணிகள் சேர்ந்து அடிக்கும்போது எதற்கு முதலில் போவது என்று தீர்மானிக்கும் பழக்கம் வேறெங்கும் இவ்வளவு வேகமாக வராது. முதுகுக்கு மட்டும் இந்த வார்டு நல்லதல்ல.

கம்யூனிட்டி குழுவில் பிறந்த குழந்தையின் எடையைப் பார்ப்பது, ஐந்தாம் நாளில் குதிகாலில் குத்தி அட்டையின் நான்கு வட்டங்களில் இரத்தம் சேகரிப்பது, பால் கொடுப்பதைக் கவனித்து உதவுவது ஆகியவை முக்கியம். பிறந்த எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அன்றே மிட்வைஃபிடம் தெரிவிக்க வேண்டும். பக்கத்து அறையில் அவர் இல்லை, தொலைபேசியில்தான் இருக்கிறார் என்பதே இந்த வேலையின் தன்மை. கார் பெரும்பாலும் கட்டாயம். இந்திய, இலங்கை உரிமத்தை இங்கே குடியேறிய 12 மாதங்கள் வரைதான் பயன்படுத்தலாம். பிறகு இங்குள்ள தேர்வில் தேற வேண்டும். கார்க் காப்பீட்டிலும் வேலைக்காக ஓட்டுவதைச் சேர்க்க வேண்டும். புதிதாக வருபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி பணம். இங்கிலாந்தில் 2025-26 ஆண்டுக்கான முழுநேர அடிப்படைச் சம்பளம் பேண்ட் 2க்கு 24,465 பவுண்டு, பேண்ட் 3க்கு 24,937 முதல் 26,598 வரை, பேண்ட் 4க்கு 27,485 முதல் 30,162 வரை. லண்டனுக்குள் இதன்மேல் தனிப்படி உண்டு. வாரத்துக்கு 37.5 மணிநேர வேலை. வித்தியாசம் அடிப்படையில் இல்லை, நேரப்படியில் இருக்கிறது: பேண்ட் 3இல் இரவுக்கும் சனிக்கும் 35 சதவீதம், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 69 சதவீதம் கூடுதல், பேண்ட் 2இல் அதுவே 41, 83. தொடக்கநிலை பேண்ட் 3இல் மணிக்கு ஏறத்தாழ 12.75 பவுண்டு என்று வைத்தால், பதினொன்றரை மணிநேர ஞாயிறு ஷிஃப்ட் ஒன்றுக்கு மட்டும் சுமார் 100 பவுண்டு கூடுதலாக வருகிறது. வார்டில் இரவும் ஞாயிறும் கலந்து பார்ப்பவருக்கும் கிளினிக்கில் வார நாள் மட்டும் பார்ப்பவருக்கும் மாத முடிவில் கையில் வருவதில் கண்கூடான இடைவெளி உண்டு. இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. ஞாயிறு மணிக்கணக்கில் பேண்ட் 2காரருக்கு ஏறத்தாழ 22.90 பவுண்டும், தொடக்கநிலை பேண்ட் 3காரருக்கு 21.55 பவுண்டும் வருவதால், இரவும் வார இறுதியும் அதிகம் பார்ப்பவருக்குப் பதவி உயர்வு உடனடியாக லாபமாகத் தெரியாது. ஆனாலும் பேண்ட் 3ஐ விட வேண்டாம். மேலே போகும் ஏணி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே என் பரிந்துரை ஆளுக்கு ஆள் மாறும். மிட்வைஃப் பட்டப்படிப்பு இலக்கு என்றால், இரவுகளை வீடு தாங்குமானால், பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் தொடங்கிப் பிரசவ வார்டுக்குப் போவது நல்லது. படிப்பு மூன்று ஆண்டுகள், இங்கிலாந்தில் அதற்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு கற்றல் உதவித்தொகையும் உண்டு, சம்பளத்தோடு படிக்கும் அப்ரண்டிஸ்ஷிப் பாதையும் சில இடங்களில் இருக்கிறது. சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், இரவில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் கிளினிக்கைத் தயங்காமல் எடுக்கலாம், இளைப்பாறும் இடம் என்று எண்ணி மட்டும் வேண்டாம். கிளினிக்கிலேயே பல ஆண்டு இருந்து இரத்தம் எடுப்பதிலும் நீரிழிவுப் பிரிவிலும் தேர்ந்துவிட்டவர்களை நான் அறிவேன்; கிளினிக் அவர்களைச் சுற்றித்தான் ஓடுகிறது. அந்தத் தேர்ச்சிக்கு ஈடான பேண்ட் எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை என்பது உண்மையான குறை.

நேர்காணலில் இரண்டைக் கேட்டுவிடுங்கள். இரத்தம் எடுக்கும் பயிற்சியை அவர்களே தருவார்களா, எந்தக் காலத்துக்குள் என்பது ஒன்று; அந்தப் பயிற்சி இல்லாத கிளினிக் வேலை கோப்பு தூக்கும் வேலையாகச் சுருங்கிவிடும். பதவி கிளினிக்குக்கு மட்டுமா, வார்டுகளுக்கும் சுழற்சியா என்பது இன்னொன்று. விளம்பரத்தில் கர்ப்பகால கிளினிக் என்று பெரிதாக இருக்கும். ஒப்பந்தத்தின் நடுவே ‘சேவைத் தேவைக்கேற்ப மகப்பேற்றுப் பிரிவின் எந்தப் பகுதிக்கும்’ என்று ஒரு வரி இருக்கும். இரவு பார்க்க முடியாதவர்கள் கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் பற்றி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.