பேரிடருக்குப் பின் புலம்பெயர்ந்தோர் உதவி: பணமா, மாதிரிக் கிராமமா, பொறியியல் வகுப்பறையா?

ஊரில் நிலநடுக்கமோ சுனாமியோ வந்துவிட்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. குடும்பத்துக்குப் பணம் அனுப்புவார்கள். சங்கமாகச் சேர்ந்து ஒரு கிராமத்தையே கட்டித்தர முன்வருவார்கள். பொறியாளர்களாக இருந்தால் நேரே போய் இறங்குவார்கள், அல்லது அங்குள்ள கல்லூரியோடு சேர்ந்து பாடம் நடத்துவார்கள். மூன்றையும் ஒரே மூச்சில் பாராட்டிவிடுகிறோம். பலன் மட்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2010 ஹெய்ட்டியையும் 2015 நேபாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

முதலில் பணம். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள வேறு வழி கிடையாது. ஹெய்ட்டியில் 2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவில் நிலம் நடுங்கியது. அந்த ஆண்டு மியாமி, நியூயார்க், மொன்றியல் போன்ற நகரங்களில் இருந்த ஹெய்ட்டியர்கள் வீட்டுக்கு அனுப்பிய தொகை சுமார் 150 கோடி டாலர். உதவி நிறுவனங்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பணம் அரிசியாகவும் தார்ப்பாயாகவும் மாறிவிட்டது. யாருக்கு என்ன தேவை என்று குடும்பத்துக்குத் தெரியும். யாரும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், பணத்தோடு பொறியாளர் வருவதில்லை. ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இடிந்து விழுந்த வீடுகள் பலவும் இப்படிச் சிறுகச் சிறுக வந்த காசில் எழுந்தவைதான். கையில் பணம் வரும்போது ஓர் அறை, அடுத்த முறை மேலே ஒரு தளம். சிமெண்ட் குறைந்த கற்கள், சுண்ணாம்பு மலையை வெட்டியெடுத்த பலவீனமான வெள்ளை மணல், மெல்லிய தூண்கள், அவற்றின் தலையில் கனமான கான்கிரீட் தளம். ஆறு வாரம் கழித்து சிலியில் 8.8 அளவில் நடுக்கம் வந்தபோது இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஹெய்ட்டியில் அரசு சொன்ன எண்ணிக்கை 3 லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணில் சர்ச்சை உண்டு. ஆனால் எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் சிலியோடு ஒப்பிட முடியாத அளவு பெரியது. சிலியில் கட்டட விதிகள் இருந்தன, கடைப்பிடிக்கவும் செய்தார்கள்.

நேபாளம் இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தது. 2015 ஏப்ரல் 25 நடுக்கத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். வீடு இழந்த குடும்பத்துக்கு அரசு அறிவித்த 3 லட்சம் நேபாள ரூபாய் மூன்று தவணையாக வந்தது: 50,000, பிறகு 1,50,000, கடைசியில் 1,00,000. முதல் தவணையில் கட்டிய அடித்தளத்தைப் பொறியாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது. 3 லட்சத்தில் வீடு முடியாது. மீதிக்குக் கடனோ, வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்த பிள்ளைகளின் சம்பளமோ கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆக, மீதிக் காசு யாருடையதாக இருந்தாலும், தவணை வாங்கிய வீட்டில் பொறியாளர் பார்க்காமல் அடுத்த தவணை வரவில்லை. எல்லாம் சரியாகப் போனது என்று சொல்லமாட்டேன். தவணை கிடைத்தால் போதும் என்று ஒற்றை அறை கட்டி நிறுத்திய குடும்பங்கள் ஏராளம். இளைஞர்கள் வெளிநாட்டில் இருந்ததால் கொத்து வேலைக்கு ஆள் கிடைக்காத ஊர்களும் உண்டு. பெண்களுக்கும் கொத்தனார் பயிற்சி கொடுத்தார்கள்.

அடுத்தது மாதிரிக் கிராமம். இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெளிநாடுவாழ் நேபாளியர் சங்கம் கோர்க்கா மாவட்டத்தின் லாப்ராக் கிராமத்துக்காகப் புதிய குடியிருப்பு ஒன்றைக் கட்டியது. மொத்தம் 573 வீடுகள். நோக்கத்தில் பிழை இல்லை: பழைய ஊர் நிலச்சரிவு அபாயம் உள்ள சரிவில் இருந்தது. ஆனால் புதிய இடம் மலையில் இன்னும் மேலே, குளிர் அதிகம். வயலும் மாட்டுக்கொட்டகையும் கீழே பழைய ஊரிலேயே இருக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த சின்ன வீடுகளில் தானியம் வைக்க இடம் போதவில்லை. கட்டி முடித்து ஒப்படைக்கவே சில ஆண்டுகள் ஓடின. அதற்குப் பிறகும் பலர் முழுமையாகக் குடிபெயரவில்லை. சங்கங்களுக்கு இந்த வழி பிடித்துப்போவதற்குக் காரணம் உண்டு: திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டில் பெயர் போடலாம், நன்கொடையாளருக்குப் படம் அனுப்பலாம். கூரையை எப்படி ஏற்றினார்கள் என்பதைக் கற்றுக்கொண்டவர் ஊரில் எத்தனை பேர் என்ற கேள்வி அந்தப் படத்தில் வராது.

மூன்றாவது, படிப்பும் பொறியாளர்களும். போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர் ரெஜினால்ட் டெரோஷ். அப்போது ஜார்ஜியா டெக்கில் கட்டடப் பொறியியல் பேராசிரியர், இன்று ரைஸ் பல்கலைக்கழகத் தலைவர். நடுக்கத்துக்குப் பிறகு 28 பேர் கொண்ட குழுவோடு ஹெய்ட்டிக்குப் போய்ச் சேதத்தை ஆராய்ந்தார். இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். ஹெய்ட்டியின் பொதுப்பணி அமைச்சகம், வெளிநாட்டு நிபுணர்களின் பயிற்சியோடு, சுமார் 600 உள்ளூர்ப் பொறியாளர்களைத் தெருவில் இறக்கியது. அவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் கட்டடங்களைப் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறியிட்டார்கள். பாதிக்கும் மேல் பச்சை, அதாவது உள்ளே போய்க் குடியிருக்கலாம். கூடாரத்தை விட்டு வீட்டுக்குள் போகப் பயந்த குடும்பத்தோடு வாசலில் நின்று ஹெய்ட்டி மக்களின் மொழியான கிரேயோலில் பேசியவர்கள் இவர்கள்தான். 28 பேர் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அந்த 600 பேருக்கு அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? நடுக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்களே சரிந்தன; மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தார்கள். அதற்கு முன்பே ஹெய்ட்டியில் பட்டம் பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வெளிநாட்டில் இருந்ததாகக் கணக்குகள் சொல்லின. வெளிநாட்டில் இருப்பவருக்கு உண்மையான வேலை இங்கேதான். மண் பரிசோதனை, நிலநடுக்கம் தாங்கும் வடிவமைப்பு போன்ற பாடங்களை இணையம் வழியே ஒரு பருவம் முழுக்க எடுக்கலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இணை வழிகாட்டியாக இருக்கலாம். கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் வாங்கித் தரலாம், அதைப் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்து. அந்தச் செலவைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு உலகெங்கும் இருந்த ஈழத்தமிழர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். வடக்கு கிழக்கில் உதவியைப் பங்கிட 2005 ஜூனில் அரசும் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கியப் பகுதிகளை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பெரிய தொகைக்குப் பெரிய வாய்க்கால் வேண்டும். அரசியல் முதலில் அடைப்பது அதைத்தான். ஒரு கல்லூரித் துறையோடு வைக்கும் சின்ன ஏற்பாடு அவ்வளவாக யார் கண்ணையும் உறுத்தாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. லண்டனிலும் டொராண்டோவிலும் கட்டடப் பொறியாளராக இருக்கும் தமிழர்களுக்குக் கதவு எங்கே என்று தேட வேண்டியதில்லை.

ஆக, என் வரிசை இதுதான்: முதல் சில மாதங்களுக்குக் குடும்பத்துக்கு நேரே பணம். அதற்குப் பிறகு வகுப்பறை. கிராமம் கட்டித்தருவது கடைசி. ஊரும் நிலமும் அடியோடு போய்விட்டால் மட்டும்.

வகுப்பறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. நன்றாகப் படித்த பிள்ளை பட்டம் வாங்கியதும் விமானம் ஏறிவிடும், நாம் ஏறியதுபோல. அதனால் பட்டப்படிப்போடு நிற்காமல் டிப்ளமோ மாணவர்களையும், கொத்தனார்களையும், பிரதேச சபைகளின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. தூணைச் சுற்றிய ரிங் கம்பியின் நுனியை 90 டிகிரியில் விடாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும் என்பதற்குப் பட்டம் தேவையில்லை. அதை மடக்குபவர் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும். கட்டட அனுமதிக்கு வரும் வரைபடத்தைப் பார்ப்பவர் உத்தியோகத்தர். இவர்களில் பெரும்பாலோர் நாளைக்கும் அதே ஊரில்தான் இருப்பார்கள்.