ஸ்மார்ட் மீட்டரா, பழைய மீட்டரா: தீ பிடிப்பது எங்கே?

சுழலும் தட்டு கொண்ட பழைய மீட்டர், இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் எலெக்ட்ரானிக் மீட்டர், இனி வரப்போகும் ஸ்மார்ட் மீட்டர் ஆகிய மூன்றில் எது ஆபத்து என்று கேட்டால், மீட்டரின் வகையைவிட அதன் அடியில் வயரை இறுக்கும் திருகுகளே முக்கியம் என்பேன்.

ஸ்மார்ட் மீட்டர் குறித்த அச்சம் வெறும் வதந்தி அன்று. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் எட்டு மீட்டர்கள் தீப்பற்றியதால், 2014இல் சுமார் 1,05,000 மீட்டர்களைக் கழற்ற அரசே உத்தரவிட்டது. உள்ளே புகுந்த ஈரமும் அழுக்கும் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டன. ஆனால் அங்கே மீட்டரைப் பிளக்கைப்போல உலோகக் கவ்விகளில் செருகுகிறார்கள். நம் ஊரில் வயரைத் திருகால் இறுக்குகிறோம். ஆகவே கவ்வி தளர்ந்து சூடேறும் சிக்கல் இங்கே அப்படியே பொருந்தாது, தளர்ந்த திருகு மட்டும் மூன்று வகைக்கும் பொது. தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் ரிலே என்னும் சுவிட்ச் ஒன்று ஸ்மார்ட் மீட்டருக்குள் கூடுதலாக இருப்பதால், சூடேறக்கூடிய இடமும் ஒன்று கூடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து, அதன் வழியே 16 ஆம்பியர் ஓடினால், அந்தச் சிறு புள்ளியில் 25 வாட்டுக்கும் மேல் வெப்பம் பிறக்கும். அது ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்னின் சூடு. மின்னோட்டம் அளவுக்குள்ளேயே இருப்பதால், அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. இதை அறியாது; கசிவு இல்லாததால், மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அறியாது. கீசர் பிளக்கைக் கழற்றும்போது துளையோரம் பழுப்பேறியிருந்தாலோ, சுவிட்ச் பலகையருகே பிளாஸ்டிக் சூடேறும் மீன் வாடை வந்தாலோ, உடனே மெயினை அணைத்து வயர்மேனை அழைக்க வேண்டும்.

வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டிக்குள் எதைத் தேர்வது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. உருகும் கம்பியைத் தாங்கும் பியூஸ் கேரியர் மலிவுதான். ஆனால் கம்பி உருகியதும் கைக்குக் கிடைத்த செம்பு இழைகளை முறுக்கிக் கட்டிவிடும் பழக்கம் அதன் பாதுகாப்பையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்னோட்டம் சுமார் 23 ஆம்பியரைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று 2.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது, செம்பு இழை முறுக்குவதற்குச் சற்றும் குறைந்த தவறு அன்று. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மின்னதிர்ச்சியிலிருந்து உயிரைக் காப்பதோடு, ஈரச் சுவரிலும் காப்பு கெட்ட வயரிலும் ஏற்படும் கசிவைத் தீயாக மாறுமுன் துண்டிக்கிறது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்து எரிச்சலூட்டும் என்பது உண்மைதான். அப்போது தேட வேண்டியது கசிவை, நீக்க வேண்டியது ஆர்.சி.சி.பி.யை அன்று. ஆனால் அதிகச் சுமையை அது கவனிக்காது என்பதால், எம்.சி.பி.யும் உடன் இருந்தே தீர வேண்டும்.

எந்த மீட்டர் என்பதை மின்வாரியம்தான் தீர்மானிக்கிறது, அதன் சீலை நாம் தொடவும் கூடாது. ஆனால் புது மீட்டர் பொருத்த ஆள் வரும் நாளில் அருகில் நின்று, வயரின் கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, திருகுகளை நன்றாக இறுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.